கப்பில் இருப்பது ஐஸ்கிரீம்தானா? உறைந்த பால் இனிப்புகளுக்கான விதிகள், ராமநாதபுரம் கடற்கரைக்குப் பொருத்தி ஓர் எளிய விளக்கம்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, எந்த ஊர்க் கடைத்தெருவில் நின்றாலும் குளிர்ச்சியாகக் குச்சியிலோ கப்பிலோ கிடைப்பதை எல்லோரும் 'ஐஸ்' என்றுதான் கேட்டு வாங்குகிறோம். பால் ஐஸ், சேமியா ஐஸ், கோன் ஐஸ், குல்ஃபி, ஐம்பது ரூபாய் கப் எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் கணக்கில் இவை தனித்தனிப் பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல் உண்டு. எந்தப் பெயரைப் போட்டு விற்கிறீர்களோ, அந்தப் பெயருக்குரிய அளவு உள்ளே இருக்க வேண்டும். இந்தத் துறையின் விதிகளுக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

இதற்கான சட்டம் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. தரங்களை வகுப்பது எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் மத்திய ஆணையம். கடைக்கும் தயாரிப்புக் கூடத்துக்கும் நேரில் வந்து பார்ப்பது தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் அலுவலர். மாவட்டத்தில் அவருக்கு மேல் இருப்பவர் நியமன அலுவலர்.

பெயருக்குப் பின்னால் உள்ள அளவுகள்

வெறுமனே 'ஐஸ்கிரீம்' என்று விற்க வேண்டுமானால் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பால் புரதம் குறைந்தது 3.5 சதவீதம், மொத்தத் திடப்பொருள் குறைந்தது 36 சதவீதம் இருக்க வேண்டும். குல்ஃபியும் சாஃப்டியும் இதே தரத்துக்குள் வருகின்றன. தள்ளுவண்டிக் குல்ஃபிக்குத் தனிச் சலுகை கிடையாது.

கொழுப்பு 2.5 சதவீதத்துக்கு மேல், ஆனால் 10க்குக் கீழே என்றால் அது 'நடுத்தரக் கொழுப்பு ஐஸ்கிரீம்'. திடப்பொருள் 30 சதவீதம் இருந்தால் போதும், புரதம் அதே 3.5. கொழுப்பு 2.5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 'குறைந்த கொழுப்பு ஐஸ்கிரீம்'. அதற்குத் திடப்பொருள் 26, புரதம் 3. இந்த வகைகளில் தவறு எதுவும் இல்லை. பெயரை அப்படியே லேபிளில் போட வேண்டும், அவ்வளவுதான்.

பால் கொழுப்புக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ பாமாயில், தேங்காய் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு சேர்த்தால் அதை ஐஸ்கிரீம் என்று சொல்ல முடியாது. அதன் பெயர் 'ஃப்ரோசன் டெசர்ட்'. அதிலும் மொத்தக் கொழுப்பு 10, புரதம் 3.5, திடப்பொருள் 36 என்ற கணக்கு இருக்கிறது. கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு. சேர்க்கும் தாவரக் கொழுப்பின் உருகுநிலை 37 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாயின் சூட்டில் உருகாமல் நாக்கில் மெழுகுபோல் ஒட்டும். வனஸ்பதி சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, 2022 ஜனவரி முதல், எண்ணெய், கொழுப்பின் அளவில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சில்லறையில் அளந்து கொடுக்கும் பெயர் தெரியாத வனஸ்பதியில் இதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பால் ஐஸ் வேறு இனம். திடப்பொருள் குறைந்தது 20 சதவீதம், பால் புரதம் 3.5, பால் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பாலே இல்லாத ஆரஞ்சு, திராட்சைக் குச்சி ஐஸ் 'ஐஸ் லாலி' வகை. அதில் சர்க்கரை குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பால் ஐஸ் பலவற்றில் பால் புரதம் 3.5 சதவீதத்தை எட்டுவதே இல்லை. காரணம், அரிசி மாவோ சோள மாவோ கரைத்துக் கெட்டியாக்குகிறார்கள். மாவு திடப்பொருள் கணக்கை ஏற்றிக் காட்டும், புரதக் கணக்கை ஏற்றாது. ஆய்வகம் இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்கிறது.

இந்தப் பெயர்ச் சண்டை பெரிய நிறுவனங்களுக்கு இடையிலும் நடந்திருக்கிறது. 2017இல் அமுலின் ஒரு விளம்பரத்தை எதிர்த்து இந்துஸ்தான் யூனிலீவர் மும்பை உயர் நீதிமன்றம் போனது. ஃப்ரோசன் டெசர்ட்டை இழிவுபடுத்துகிறது என்பது வழக்கு. நீதிமன்றம் விளம்பரத்தைத் தடுத்தது. ஃப்ரோசன் டெசர்ட் சட்டபூர்வமான பொருள்தான். வாங்குபவர் அதை ஃப்ரோசன் டெசர்ட் என்று தெரிந்தே வாங்க வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம். கடை வாசலில் 'ஐஸ்கிரீம் பார்லர்' என்று எழுதிவிட்டு உள்ளே தாவரக் கொழுப்புக் கப்பை மட்டும் விற்பது அந்த நோக்கத்துக்கு நேர் விரோதம்.

லிட்டரில் விற்பதும் கிராமில் நிறுத்துப் பார்ப்பதும்

ஐஸ்கிரீமைக் கடையும்போது காற்று உள்ளே போகிறது. போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கல்லாகிவிடும். ஆனால் காற்று காசு கேட்காது என்பதால் அதை அதிகமாக ஏற்றும் ஆசை எல்லா இடத்திலும் உண்டு. அதற்குச் சட்டம் போட்ட கடிவாளம் எடை. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும். நடுத்தரக் கொழுப்பு, குறைந்த கொழுப்பு வகைகளுக்கு 475 கிராம். அமெரிக்காவிலும் இதே முறைதான். அங்கே ஒரு கேலனுக்கு 4.5 பவுண்டு என்று விதி, அது லிட்டருக்கு ஏறத்தாழ 539 கிராம்.

கடையாத கலவை லிட்டருக்குச் சுமார் 1,100 கிராம் இருக்கும். அது இரண்டு மடங்காக உப்பினால் லிட்டர் 550 கிராம். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் போனால் 525ஐத் தொட்டுவிடும். ஆக, 10 கிலோ கலவையிலிருந்து சட்டப்படி அதிகபட்சம் 19 லிட்டர் எடுக்கலாம். 20 லிட்டர் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால் அந்தத் தொகுப்பு தரம் தாழ்ந்தது.

வாங்குபவரும் இதைச் சோதிக்க முடியும். 100 மில்லி என்று போட்ட ஐஸ்கிரீம் கப்பின் உள்ளீடு 52.5 கிராமுக்குக் குறையக் கூடாது. நகைக்கடைத் தராசு தேவையில்லை, சமையலறை மின்தராசே போதும். நிறுத்துவிட்டு, சாப்பிட்டு முடித்துக் கழுவித் துடைத்த கப்பையும் மூடியையும் நிறுத்துக் கழித்துக்கொள்ள வேண்டும்.

10 கிலோ கலவை, ஒரு கணக்கு

சிறிய அளவில் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் கைப்பழக்கத்தில் போடுகிறார்கள். கணக்குப் போட்டுச் செய்தால்தான் தரம் தவறாது. பால் கொழுப்பு 10.5, கொழுப்பு நீங்கிய பால் திடப்பொருள் 11, சர்க்கரை 15, கலவை பிரியாமல் பிடித்துவைக்கும் நிலைப்படுத்தி 0.4, மொத்தம் 36.9 சதவீதம் என்று இலக்கு வைத்துக்கொள்வோம். 4.5 சதவீதக் கொழுப்பும் 8.5 சதவீதக் கொழுப்பில்லாத் திடப்பொருளும் உள்ள பால் 7.04 கிலோ (லிட்டரில் சுமார் 6.8), உப்பில்லாத வெண்ணெய் 890 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 520 கிராம், சர்க்கரை ஒன்றரைக் கிலோ, நிலைப்படுத்தியும் பால்மமாக்கியும் சேர்த்து 40 கிராம் போட்டால் 10 கிலோ கிடைக்கும். புரதம் 4 சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும்.

ஏன் 10 என்று வைக்காமல் 10.5 என்று வைக்க வேண்டும்? பால்தான் காரணம். அதே கணக்கில் 4.5 சதவீதப் பாலுக்குப் பதில் 3.5 சதவீதப் பால் வந்துவிட்டால் கலவையின் கொழுப்பு 9.8க்கு இறங்கிவிடும். யாரும் எதையும் திருடவில்லை, கலப்படம் செய்யவில்லை, ஆனாலும் மாதிரி தோற்றுவிடும். வரும் பாலின் கொழுப்பைத் தினமும் கெர்பர் குழாயிலோ மின்கருவியிலோ பார்த்து, வெண்ணெயைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் இல்லாததால்தான் பல நல்ல தயாரிப்பாளர்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

அந்த 40 கிராம் நிலைப்படுத்தியில் நம் கரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. குவார் பசையோடு சோடியம் ஆல்ஜினேட்டும் கராஜீனனும் ஐஸ்கிரீமில் வழக்கமாகச் சேர்க்கப்படுபவை. இரண்டும் கடற்பாசியிலிருந்து எடுப்பவை. ஆல்ஜினேட்டுக்கு மூலம் கட்டக்கோரை, கராஜீனனுக்கு மூலம் பாம்பன், மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி. இவை அனுமதிக்கப்பட்டவைதான். பாசிப்பொருள் சேர்க்கிறார்கள் என்று யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பவுடரை நேராகப் பாலில் கொட்டினால் மீன்கண் மாதிரி உருண்டைகள் நிற்கும், உள்ளே நனையவே நனையாது. ஐந்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, பால் 45 டிகிரிக்கு வந்த பிறகு கலக்கிக்கொண்டே தூவ வேண்டும்.

காய்ச்சியதற்குப் பின்தான் ஆபத்து

ஐஸ்கிரீம் என்பதே 'பாஸ்டர் செய்த கலவையை உறையவைத்தது' என்றுதான் விதி சொல்கிறது. பாஸ்டர் செய்வது என்றால் குறித்த சூட்டில் குறித்த நேரம் வைத்துக் கிருமியைக் கொல்வது. பாலுக்கு 63 டிகிரியில் 30 நிமிடம் போதும் என்றாலும், சர்க்கரையும் கொழுப்பும் கூடிய ஐஸ்கிரீம் கலவையில் கிருமிகள் சூட்டைத் தாங்கும். ஆகவே தொட்டியில் காய்ச்சினால் 69 டிகிரியில் முழு 30 நிமிடம், தொடர் இயந்திரத்தில் 80 டிகிரியில் 25 விநாடி என்பது தொழில் வழக்கம். கொதி வந்ததும் இறக்கிவிடுவது பாஸ்டர் முறை ஆகாது. நேரமும் வெப்பமும் எழுதிய பதிவேடு இருந்தால்தான் செய்தது செய்ததாகக் கணக்கு.

காய்ச்சிய கலவையை உடனே 4 டிகிரிக்கு இறக்கி, குறைந்தது 4 மணி நேரம் அதே குளிரில் ஊறவிட வேண்டும். கொழுப்பு உறைந்து, பவுடர் முழுதும் நீர் இழுத்த பிறகுதான் கடைந்தால் காற்று நிற்கும். வெளியில் வைத்து ஆறவிடுவதுதான் பெரிய தப்பு. மே மாதத்தில் 40 லிட்டர் அண்டா தானாக ஆறுவதற்குள் கிருமி பல தலைமுறை பெருகிவிடும்.

1994இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷ்வான்ஸ் நிறுவனத்தின் ஐஸ்கிரீமால் சுமார் 2,24,000 பேருக்கு சால்மொனெல்லா கிருமித் தொற்று வந்திருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். கலவை சரியாகத்தான் பாஸ்டர் செய்யப்பட்டிருந்தது. அதை ஏற்றி வந்த டேங்கர் லாரி அதற்கு முன் பச்சை முட்டைக் கரைசல் ஏற்றியது, சரியாகக் கழுவப்படவில்லை. காய்ச்சிய பிறகு மீண்டும் காய்ச்சும் படி இந்தத் தொழிலில் கிடையாது. அதனால் எசென்ஸ், முந்திரி, பழக்கூழ், கரண்டி, குழாய், கை என்று அதன்பின் தொடும் எல்லாமே சுத்தமாக இருக்க வேண்டும். சால்மொனெல்லாவும் லிஸ்டீரியாவும் 25 கிராம் மாதிரியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று விதி இவ்வளவு கடுமையாக இருப்பதும் இதனால்தான்.

கழுவும் வரிசையும் முக்கியம். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர். எடுத்ததும் கொதிநீர் ஊற்றினால் பால் புரதம் உலோகத்தில் வெந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்து 1 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசல், 70 டிகிரி சூட்டில். பிறகு நல்ல தண்ணீர். கடைசியில் குளோரின்: 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 2 மில்லி, அதுவே 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு. பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குளோரினும் நின்றால் ஊசிமுனைக் குழிகள் விழும். அந்தக் குழிக்குள் தங்கும் கிருமியை எந்தத் தேய்ப்பும் எடுக்காது.

தண்ணீர்: இந்தக் கரையின் முதல் சிக்கல்

தயாரிப்புக்குப் பயன்படும் தண்ணீர் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும். மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் உச்சம் 2,000. ராமநாதபுரம் கரையோரத்தில் பல கிணறுகளும் போர்வெல்களும் இந்த உச்சத்தைத் தாண்டியவை. காவிரிக் கூட்டுக்குடிநீர் வராத நாளில் குடத்துக்குக் காசு கொடுத்தோ லாரியிலோ தண்ணீர் வாங்குகிறோம். வாங்கும் தண்ணீர் எங்கே பிடித்தது என்று கடைக்காரருக்கே தெரியாது என்றால், அந்தத் தண்ணீரில் செய்த ஐஸுக்கு அவர் எந்தப் பொறுப்பும் ஏற்க முடியாது. உரிமம் கேட்கும்போது அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். லாரித் தண்ணீர் வாங்குபவர்கள் மாதிரியைத் தங்கள் தொட்டியிலிருந்தே எடுக்க வேண்டும்.

சவ்வூடு முறையில் வடித்த ஆர்.ஓ. தண்ணீர் உப்புக்கு விடை, கிருமிக்கு முழு விடை இல்லை. அதில் குளோரின் மிச்சம் இருக்காது. திறந்த சிண்டெக்ஸ் தொட்டியில் இரண்டு நாள் நின்றால் பாசி பிடிக்கும். 1,000 லிட்டருக்கு, புதிய பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 6 கிராம் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து 0.2 மில்லிகிராம் குளோரின் நிற்கிறதா என்று சோதனைத் துளியில் பார்க்க வேண்டும். ஈரக்காற்றில் மூட்டை திறந்தே கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. இங்கே அது சீக்கிரமே நடக்கும்.

தண்ணீரை ஒட்டிய இன்னொரு தொல்லை, மீன் ஐஸ். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி என்று மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊர்களில் ஐஸ் கம்பெனியில் செய்யும் ஐஸ் பார்கள் மீனைக் குளிர்விக்கச் செய்பவை. குடிநீரில் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் செய்யப்படுபவை அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதே நாட்கள்தான் கோடை. மீனுக்குத் தேவை குறைந்த ஐஸ் சர்பத்துக் கடைக்கும் ஜிகர்தண்டாக் கடைக்கும் போகும் வாய்ப்பு அப்போது கூடுகிறது. அதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மகாராஷ்டிராவில் 2018இல், உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். நிறம் பார்த்தே எது எது என்று தெரிந்துவிடும். நம் கரைக்கும் இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. அதுவரை கடைக்காரர் செய்ய வேண்டியது, உணவு ஐஸுக்கு உரிமம் வைத்திருக்கும் கம்பெனியில் வாங்கி அதன் ரசீதை வைத்திருப்பது.

குல்ஃபிப் பானையிலும் ஐஸ் பெட்டியிலும் சுற்றிலும் ஐஸும் உப்பும் போடுவார்கள். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்றால் பெட்டி நல்ல குளிர் பிடிக்கும். கோட்பாட்டின்படி மைனஸ் 21 வரை இறங்கலாம், நடைமுறையில் அவ்வளவு வராது. இந்த ஐஸ் உருகி வரும் உப்புநீர் உணவைத் தொடவே கூடாது. குழல் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அது உள்ளே கசியும். குல்ஃபியின் மேல்முனையில் மட்டும் உப்புக் கரித்தால் காரணம் அதுதான்.

குச்சி ஐஸ் தொட்டியிலும் இதே சங்கதி. அச்சுகள் குளிர்ந்த உப்புக்கரைசலில் நிற்கின்றன. தகர அச்சில் துரு ஓட்டை விழுந்தால் கரைசல் உள்ளே வரும். வாரம் ஒருமுறை அச்சில் தண்ணீர் நிரப்பி உலர்ந்த காகிதத்தின் மேல் பத்து நிமிடம் வைத்தால் ஓட்டை தெரிந்துவிடும். உப்புக்குப் பதில் கிளைகால் ஊற்றுபவர்கள் உணவுத் தரப் புரோப்பிலீன் கிளைகால்தான் ஊற்ற வேண்டும். வண்டி ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம்.

குளிர்: இரண்டாவது சிக்கல்

உறைந்த பொருள் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். தயாரிப்புக் கூடத்திலிருந்து கடை ஃப்ரீசர் வரை இடையில் எங்கேயும் இது விடுபடக் கூடாது. உருகியதை மறுபடி உறையவைத்து விற்கக் கூடாது.

ஏன் என்று புரிந்துகொண்டால் விதி மறக்காது. மின்சாரம் போய்க் குளிர் குறையும்போது சின்னச் சின்ன ஐஸ் படிகங்கள் முதலில் கரைகின்றன. மீண்டும் குளிரும்போது அந்த நீர் புதிய சின்னப் படிகமாகாமல் ஏற்கெனவே உள்ள பெரிய படிகத்தில் போய் ஒட்டுகிறது. நாக்கில் மணல் போல் நெருடுவது அதனால்தான். இது சுவைக் குறை. முழுதும் உருகிச் சூடாகிவிட்டால் ஆரோக்கியக் குறையும் சேர்கிறது. உறைநிலை கிருமியைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. உருகிய நேரத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி பெருகி வெளியிடும் நச்சு, மறுபடி உறையவைத்தாலும் காய்ச்சினாலும் போகாது.

வாங்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். கப்பின் விளிம்பிலிருந்து ஐஸ்கிரீம் சுருங்கி விலகியிருந்தால், மேல்பரப்பு குழிந்திருந்தால், அடியில் தெளிந்த சர்க்கரைப் பாகு உறைந்து நின்றால் அது ஒருமுறையாவது உருகியது. கோனின் அடிப்பாகம் நமத்திருப்பதும் அதே அடையாளம்.

கடைக்காரர்கள் ஃப்ரீசரின் டிஜிட்டல் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது காற்றின் குளிரைக் காட்டும். சின்னப் பாட்டிலில் கிளிசரின் ஊற்றி அதற்குள் வெப்பமானியை வைத்து, பெட்டிகளின் நடுவில் நிறுத்தினால் ஐஸ்கிரீமின் உண்மை நிலை தெரியும். காலையும் மாலையும் எழுதிவையுங்கள். மின்தடையில் மூடியைத் திறக்காமல் மேலே கனமான போர்வை போட்டால் பல மணி நேரம் தாங்கும். மைனஸ் 12க்கு மேல் ஏறினால் அந்தச் சரக்கைப் பிரித்து வைத்துப் பாருங்கள். கொழகொழவென்று ஆகிவிட்டதைக் கொட்டிவிடுங்கள், கம்பெனிக்காரர் மாற்றித் தராவிட்டாலும்.

கடல்காற்று ஃப்ரீசருக்கு எதிரி. கண்டென்சரின் அலுமினியத் தகடுகளில் உப்புப் படிந்து அரித்தால் வெப்பம் வெளியேறாது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், ஆனாலும் குளிர் பிடிக்காது. கடலைப் பார்த்த வாசலில் ஃப்ரீசரை நிறுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை மின் இணைப்பை எடுத்துவிட்டு நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு போடுங்கள். கேஸ் தீர்ந்துவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் பல ஃப்ரீசர்களுக்கு இந்தக் கழுவலே போதுமானதாக இருக்கும்.

நிறம்

அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் ஒரு கிலோவுக்கு மொத்தம் 100 மில்லிகிராம் வரை போடலாம். கிலோவுக்குச் சிட்டிகை அளவுகூட வராது, அதனால் கண் மதிப்பில் போட்டால் கட்டாயம் தாண்டும். 1 கிராம் நிறத்தை 100 மில்லி நீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 1 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். கிலோவுக்கு 10 மில்லிதான் எல்லை. ரோடமைன் பி துணிச் சாயம், உணவில் எந்த அளவிலும் ஆகாது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நிறமூட்டிய பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததே அதனால்தான். குச்சி ஐஸைச் சாப்பிட்ட பிள்ளையின் உதட்டில் சோப்புப் போட்டும் போகாத ரோஸ் நிறம் நின்றால் புகார் செய்ய அதுவே போதும்.

பதிவும் உரிமமும்

2011 விதிகளின்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு தயாரிப்பாளர், தள்ளுவண்டிக்காரர், ஏர்வாடி சந்தனக்கூடு மாதிரி விழாக்களில் தற்காலிகக் கடை போடுபவர் எல்லோருக்கும் பதிவு போதும் என்று வைத்தார்கள், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் மாநில உரிமம். பால் பொருளுக்கு நாளொன்றுக்குக் கையாளும் பாலின் அளவும், 500 லிட்டர் வரை என்பது, சேர்த்துப் பார்க்கப்படும். வரம்புகள் திருத்தப்படுபவை. விண்ணப்பிக்கும் நாளில், எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிமத் தளமான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்கும் எண் 14 இலக்கம். 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்று தொடங்கினால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டு, வழங்கிய ஆண்டு. கப்பில் உள்ள எண்ணை அதே தளத்தில் போட்டால் யாருடையது, செல்லுபடியாகிறதா என்று யாரும் பார்க்கலாம். உரிமம் பெற்றவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பொருளைப் பரிசோதிக்க வேண்டும். வேலையாட்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவச் சான்றும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும்.

லேபிளில் பொருளின் சட்டப் பெயர், அதிகம் முதல் குறைவு வரை வரிசையாகச் சேர்பொருள்கள், பச்சைப் புள்ளி, பால், முந்திரி, கோனில் கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருள்கள், ஊட்டச்சத்து அளவு, தொகுப்பு எண், தயாரித்த நாள், முடியும் நாள், அளவு, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, வைக்க வேண்டிய குளிர் ஆகியவை வர வேண்டும். ஃப்ரோசன் டெசர்ட் என்றால் எத்தனை சதவீதம் பால் கொழுப்பு, எத்தனை சதவீதம் தாவர எண்ணெய் அல்லது கொழுப்பு என்பதையும் சொல்ல வேண்டும். மொத்த டப்பாவிலிருந்து அள்ளி வைக்கும் கடையில் இந்த டப்பாவின் லேபிள்தான் ஆதாரம். அதைக் கிழித்து எறிந்துவிட்டால் கடைக்காரருக்கே பாதுகாப்பில்லை.

மாதிரி எடுத்தால் என்ன நடக்கும்

அலுவலர் எடுக்கும் மாதிரி நான்காகப் பிரிக்கப்பட்டு முத்திரையிடப்படும். ஒன்று அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும், இரண்டு நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவதை அங்கீகரிக்கப்பட்ட வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, செலவு உங்களுடையது. தமிழ்நாட்டில் கிண்டி, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஆறு இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. 14 நாட்களுக்குள் அறிக்கை வர வேண்டும். தாவரக் கொழுப்பை ஒளித்துவைக்க முடியாது. பால் கொழுப்பில் உள்ள பியூட்டிரிக் அமிலம் தாவரக் கொழுப்பில் இருக்காது, தாவரத்துக்கே உரிய சிட்டோஸ்டிரால் பாலில் இருக்காது. இரண்டில் எதை அளந்தாலும் தெரிந்துவிடும்.

முடிவு மூன்று விதமாக வரலாம், மூன்றுக்கும் விளைவு வேறு. கொழுப்பு 9.6 என்று வந்தால் 'தரம் தாழ்ந்தது', உச்ச அபராதம் 5 லட்சம். ஃப்ரோசன் டெசர்ட்டுக்கு ஐஸ்கிரீம் லேபிள் ஒட்டியிருந்தால் 'தவறான பெயர்', 3 லட்சம் வரை. இந்த இரண்டும் மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணையோடு முடியும். சால்மொனெல்லாவோ ரோடமைனோ இருந்தால் 'பாதுகாப்பற்றது', அது நீதிமன்றத்துக்கும் சிறைத் தண்டனைக்கும் போகும் வழக்கு. மாதிரி எடுக்காமலேயே, இடம் அசுத்தமாக இருந்தால் 1 லட்சம் வரை அபராதம் போட முடியும்.

அறிக்கை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஏற்றுக்கொண்டால் தன்னிடம் உள்ள மாதிரியை மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்புவார். அந்த மனுவோடு அன்றைய தொகுப்பின் பால் கொழுப்புப் பதிவு, பாஸ்டர் வெப்பப் பதிவு, ஃப்ரீசர் குறிப்பு, தண்ணீர் அறிக்கை, வெண்ணெய் வாங்கிய ரசீது ஆகியவற்றின் நகலையும் வையுங்கள். பொதுமக்கள் புகார் செய்ய உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 9444042322. கப்பின் படம், தொகுப்பு எண், உரிம எண், வாங்கிய கடை, நாள், நேரம் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். மீதி இருந்தால் கொட்டாமல் மூடி ஃப்ரீசரிலேயே வைத்திருங்கள்.